பனிமலைக்குப் போகும் குமரிப் பிள்ளைகளுக்கு: பனிச்சரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டாளத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். அதில் ஐந்து குளிர்காலங்கள் காஷ்மீரில், பனிக்கு நடுவில். ஓய்வு பெற்றுத் தக்கலைப் பக்கம் வந்து சேர்ந்தபோது, இனிமேல் பனியைப் பற்றி யாரிடமும் பேச வேண்டி வராது என்றுதான் நினைத்தேன். இப்போதோ டிசம்பர் பிறந்தாலே போன் வருகிறது. "அண்ணே, கேதார்காந்தா போறோம்." "சார், கல்யாணம் முடிஞ்சு குல்மார்க் போறோம், டிக்கெட் போட்டாச்சு." "பையன் மணாலிக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கான், விடலாமா?" கடலும் வயலும் ரப்பர் தோட்டமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பனியைப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. போங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னிடம் கேட்டவர்கள் கேட்ட கேள்விகளையே கீழே எழுதியிருக்கிறேன்.

நம்மூர்ப் பனியும் இமயமலைப் பனியும் ஒன்றுதானா?

நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பது. தமிழில் அதற்கும் பனி, மூடுபனிக்கும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதற்கும் பனி. இங்கே நான் பேசுவது கடைசியாகச் சொன்ன பனியைப் பற்றி. ஆனால் மார்கழிப் பனியையும் மறந்துவிடாதீர்கள். அதே பனிதான் அங்கே வேறு கோலத்தில் வந்து ஆளைக் கொல்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

பனிச்சரிவு எப்படி உண்டாகிறது?

மலைமேல் பனி ஒரே மூட்டையாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. நவம்பரில் விழுந்தது அடியில், ஜனவரியில் விழுந்தது மேலே. அடுக்குகள் ஒன்றையொன்று நன்றாகப் பற்றிக்கொண்டால் மலை அமைதியாக இருக்கும். நடுவில் ஒன்று பிடிப்பில்லாமல் இருந்தால், அதற்கு மேலே உள்ள மொத்தமும் ஒரே பாளமாக உடைந்து வழுக்கிக்கொண்டு வரும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் எல்லாரையும் செய்யவைப்பேன். ஒரு பலகையில் ஈரத்துணியை விரித்து அதன்மேல் சீனியைத் தூவுங்கள். சீனிக்கு மேல் மைதா மாவை ஓரங்குலம் கொட்டி உள்ளங்கையால் லேசாக அமுக்குங்கள். இப்போது பலகையின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாது. தூக்கத் தூக்க, ஒரு கட்டத்தில் மாவில் குறுக்காக ஒரு விரிசல் ஓடும். உடனே மாவு முழுதும் ஒரே துண்டாக இறங்கும். மேலே இருந்த மாவு உறுதியாகத்தான் இருந்தது. அடியில் இருந்த சீனிதான் கைவிட்டது. பனிச்சரிவும் இப்படியேதான். காலுக்குக் கீழே கெட்டியாக இருக்கிறது என்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது.

ஒரு புள்ளியில் தொடங்கிப் பொலபொலவென்று விசிறிபோல விரிந்து வரும் சரிவும் உண்டு. அதுவும் ஆளைப் பாறையில் தள்ளும். ஆனால் உயிர்ப்பலி வாங்குவதில் பெரும்பங்கு பாளமாக உடையும் சரிவுக்குத்தான்.

எடை எவ்வளவு இருக்கும் என்று ஒரு பையன் கேட்டான். நம்மூர்க் கணக்கிலேயே சொன்னேன். இரண்டரை சென்ட் மனை, அதில் முழங்கால் அளவு, அதாவது அரை மீட்டர் பனி. ஓரளவு இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தால் மொத்தம் 10 டன். ஒரு லாரிச் சுமை. மலையில் உடையும் பாளங்கள் பல ஏக்கர் இருக்கும். காய்ந்த பனிப்பாளம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கும். ஓடித் தப்பிக்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

அந்தச் சீனி அடுக்கு மலையில் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிகளில் வருகிறது.

முதலாவது, தரையிலிருந்து. பனிக்கு அடியில் மண் ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 15, மைனஸ் 20. பனி மெல்லிசாக இருந்தால் இந்த வித்தியாசம் குறைந்த ஆழத்துக்குள் நெருக்கப்படுகிறது. 10 சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே அடியிலிருந்து நீராவி மேலே ஏறிப் பனித்துகள்களைப் பட்டை பட்டையான மணிகளாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் அசல் சீனிதான்; உருண்டை பிடித்தால் நிற்காது. லடாக், காரகோரம் பக்கம் குளிர் அதிகம், பனி ஒப்பிடும்போது குறைவு. அதனால் அங்கே இந்த அடுக்கு குளிர்காலம் முழுக்க அடியில் கிடக்கும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை ஒட்டிய பீர் பஞ்சால் மலைத்தொடரில் பனி ஏராளமாகக் கொட்டும். குளிர் கொஞ்சம் குறைவு, அடுக்குகள் சீக்கிரம் கட்டிப்பிடிக்கும். அங்கே ஆபத்து பெரும்பாலும் புயலின்போதும் அதையடுத்த ஓரிரு நாளிலும்.

இரண்டாவது, நம் மார்கழிப் பனி. தெளிந்த, காற்றில்லாத இரவில் இங்கே புல்லில் பனி இறங்குகிறதல்லவா? அங்கே அது பனித்தரையின் மேல் இறகு இறகாக உறைந்து நிற்கும். காலை வெயிலில் மலை முழுக்க வைரம் தூவினாற்போல் மின்னும். எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். நானும் பார்த்து மயங்கியிருக்கிறேன். அடுத்த பனிப்பொழிவு அந்த இறகுகளை அப்படியே மூடிவிட்டால், அவை வாரக்கணக்கில் உள்ளேயே நிற்கும். மேலே பாரம் கூடி, ஓர் ஆள் காலை வைத்ததும் சீட்டுக்கட்டு வீடு போலச் சரியும்.

எவ்வளவு செங்குத்தான சரிவு ஆபத்தானது?

30 முதல் 45 டிகிரி வரை. 38 டிகிரியை ஒட்டித்தான் மிக அதிகமாக உடைகிறது. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30-க்குக் கீழே பொதுவாக உடையாது.

வீட்டு மாடிப்படி ஏறத்தாழ 30, 35 டிகிரி சாய்வில்தான் கட்டப்படுகிறது. ஆகவே பயங்கரமான பாறைச்சுவரைப் பார்த்துப் பயந்துகொண்டு, "இது சும்மா மேடுதானே" என்று தோன்றும் சரிவில் நடப்பதுதான் பலரும் செய்யும் தவறு. புத்தளம் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்பைப் பாருங்கள். அந்தக் குவியலின் பக்கவாட்டுச் சாய்வு உங்கள் கண்ணுக்குப் பழகட்டும். மலையில் அந்தச் சாய்வைக் கண்டதும் கால் தானாக நிற்க வேண்டும். செல்போனிலேயே சாய்வு காட்டும் செயலி உண்டு. ஊன்றுகோலைச் சரிவில் கிடத்தி அதன்மேல் போனை வைத்தால் அளவு தெரியும்.

இன்னொன்று: நீங்கள் நிற்கும் இடம் சமதரையாக இருப்பது போதாது. உங்கள் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பாருங்கள். மேலே உடைந்தது பள்ளத்தாக்கின் அடிவரை வரும். காட்டுக்கு நடுவே மரமே இல்லாத பட்டையாக ஒரு வழி இறங்கினால், அல்லது மரங்களில் மேட்டுப்பக்கக் கிளைகள் மட்டும் முறிந்திருந்தால், அது பனிச்சரிவு வழக்கமாக வரும் பாதை. மலைக்காரர்களும் பட்டாளத்தாரும் இப்படிப்பட்ட ஓடைப்பள்ளத்தை நாலா என்பார்கள். நாலாவின் வாயில் கூடாரம் போடாதீர்கள், நின்று டீ குடிக்காதீர்கள்.

"பனி கொட்டி முடிஞ்சுட்டு. வெயில் அடிக்கு, வானம் நீலமா இருக்கு. இனி பயமில்லைல்லா?"

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு அடிவயிற்றைப் பிசைவது இதுதான்.

நம் கடற்கரைக்காரர்களுக்குக் கள்ளக்கடல் என்றால் என்னவென்று தெரியும். இங்கே புயல் இல்லை, மழை இல்லை, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய காற்று எழுப்பிய அலை, பல நாள் பயணம் செய்து வந்து நம் கரையில் திடீரென்று ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் போனார்கள். முந்தைய நாட்களிலேயே எச்சரிக்கை வந்திருந்தது. ஆனால் கண்ணெதிரே இருந்த கடல் அழகாக இருந்தது.

பனிமலையும் இப்படி ஏமாற்றும். ஆபத்து அன்றைய வானத்தில் இல்லை, ஏற்கெனவே விழுந்து கிடப்பதில் இருக்கிறது. பனிப்புயல் அடிக்கும்போது எல்லாரும் அறைக்குள் இருப்பார்கள். புயல் ஓய்ந்து முதல் வெயில் வந்ததும் கூட்டமாக வெளியே கிளம்புவார்கள். அப்போதுதான் புதுப்பாரம் முழுவதும் பழைய அடுக்கின்மேல் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும். பெரிய பனிப்பொழிவு நின்றபின் குறைந்தது 24 முதல் 48 மணி நேரம் சரிவுகளை விட்டு விலகி இருங்கள். அடியில் சீனி அடுக்கு இருக்கும் இடமானால் அதுவும் போதாது.

அங்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி மேற்கிலிருந்து வரும் காற்றுச்சுழற்சி. வடகிழக்குப் பருவமழைக்குக் கிழக்கே பார்த்துப் பழகிய நாம், அங்கே போனால் மேற்கு வானிலைச் செய்தியைக் கவனிக்க வேண்டும். காஷ்மீரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாட்களைச் சில்லை கலான் என்கிறார்கள், கொடுங்குளிர்க் காலம். அந்த நாட்களில்தான் நம் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் வருகின்றன.

காற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பனி விழாத நாளிலும் காற்று பனியைச் சுமந்துகொண்டே இருக்கும். கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டிருந்தால், காற்று அடிக்கும் பக்கம் மணல் அரிபட்டு, மறுபக்கம் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலைமுகட்டிலும் அதேதான். காற்று படும் பக்கம் வழித்துத் துடைத்தாற்போல இருக்கும்; மறைவுப் பக்கத்தில் பனி மெத்தையாகக் குவிந்து, இறுகிப் பாளமாகும். சில மணி நேரக் காற்றே ஒரு பெரிய பனிப்பொழிவின் பாரத்தை ஏற்றிவிடும். முகட்டு விளிம்பில் கூரைத் தாழ்வாரம்போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பனியின்மேல் ஏறிப் போட்டோ எடுக்கவே கூடாது. அதன் அடியில் மலை கிடையாது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றன என்று பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, பனிமலையில் காற்றுப்பக்கம் எது, மறைவுப்பக்கம் எது என்று கண்டுபிடிப்பது சிரமமாக இருக்காது.

மலை முன்கூட்டியே ஏதாவது அடையாளம் காட்டுமா?

பல நேரம் காட்டும். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம் இருந்தால், அதே திசை பார்த்த உங்கள் சரிவும் தயாராக இருக்கிறது என்று பொருள். நடக்கும்போது காலடியில் "பொம்" என்று மூச்சுவிட்டாற்போல ஓர் ஒலி எழுந்து, பனித்தரை ஓர் அங்குலம் தாழ்ந்தால், உள்ளே அடுக்கு நொறுங்குகிறது. அந்த ஒலியை முதன்முதலாகக் கேட்ட நாளை என்னால் மறக்க முடியாது. வரிசையில் போன பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டோம்; முன்னால் போன ஹவில்தார் கையை மட்டும் உயர்த்தி, வந்த தடத்திலேயே திருப்பிக் கூட்டிப்போனார். காலிலிருந்து விரிசல் கிளம்பி முன்னே ஓடினாலும் அப்படியே திரும்ப வேண்டியதுதான். ஒரு நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் புதுப்பனி விழுந்தாலோ, திடீரென்று வெப்பம் ஏறினாலோ, பனியின்மேல் மழை பெய்தாலோ அன்றைக்குச் சரிவுப் பக்கமே போகாதீர்கள்.

மார்ச்சுக்கு அப்புறம் கதை மாறும். அப்போது ஈரப்பனிச் சரிவு. மத்தியான வெயிலில் நீர் ஊறி, பனி கனத்து இறங்கும். சரிவில் சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாக உருளத் தொடங்கினால் நேரமாகிவிட்டது என்று அறியுங்கள். கோடை விடுமுறையில் ஏப்ரல், மே மாதம் கணவாய் ஏறப்போகிறவர்கள் இருட்டோடு கிளம்பி, வெயில் உறைக்கும் முன் சரிவைக் கடந்துவிட வேண்டும்.

சத்தம் போட்டால் பனி சரியுமா?

சரியாது. மனிதக் குரலுக்கு அந்த பலம் இல்லை. வெடிவைத்தால் சரியும், சாலையைப் பாதுகாக்க அப்படி வேண்டுமென்றே சரியவைப்பதும் உண்டு. ஆட்கள் சிக்கிய பாளச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை இழுத்துவிட்டது, சிக்கியவரோ அவருடன் வந்தவரோ வைத்த காலடியின் பாரம்தான். இது கேட்கக் கசப்பாக இருந்தாலும் ஒரு வகையில் நல்ல செய்தி. எங்கே கால் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறதே.

எச்சரிக்கை அறிவிப்பு எங்கே கிடைக்கும்?

நம் நாட்டில் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் சண்டிகரில் இயங்கும் பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிலையம் வெளியிடுகிறது. 2020-க்கு முன்பு பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிலையம் என்ற பெயரில் இருந்தது இதில்தான் சேர்ந்துவிட்டது. எங்கள் காலத்தில் ஒயர்லெஸ்ஸில் அந்த அறிவிப்பு வராமல் ரோந்து கிளம்பாது. இப்போது மாவட்ட நிர்வாகங்கள் அதைப் பொதுமக்களுக்கும் சொல்கின்றன. உள்ளூர் காவல் நிலையத்திலோ வனத்துறைச் சோதனைச் சாவடியிலோ கேட்டுவிட்டுப் போங்கள்.

உலகம் முழுக்க ஆபத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் நிலை என்றால் "நடுத்தரம்தானே" என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் அதிகம் பேர் சாவது மூன்றாம் நிலை நாட்களில்தான். நான்கு, ஐந்து என்றால் யாரும் போவதில்லை, மூன்றில் துணிகிறார்கள்.

கேதார்காந்தா, குல்மார்க், மணாலி: எது பாதுகாப்பு?

இடத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. நாளை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆனாலும் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

உத்தரகாண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் சாங்க்ரி என்ற ஊரிலிருந்து ஏறும் கேதார்காந்தா 3,810 மீட்டர். பாதையின் பெரும்பகுதி காட்டுக்குள், சாய்வும் மென்மை. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சம்மதம் சொல்வது இதற்குத்தான். உச்சிக்கு முந்தைய கடைசி ஏற்றம் செங்குத்து. பெரிய பனிக்கு மறுநாள் அங்கே அவசரப்பட வேண்டாம்.

குல்மார்க்கில் ரோப் கார் நிலையத்தைச் சுற்றி, கண்காணிப்பு உள்ள இடத்தில் விளையாடுவது வேறு; அபர்வாட் மலையின் மேல் எல்லைக்கயிற்றைத் தாண்டிப் போவது வேறு. 2010 பிப்ரவரி 8 அன்று அங்கே பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இறந்திருக்கிறார்கள். எல்லாரும் பனியில் பழகியவர்கள்.

மணாலியில் பெரும்பாலோர் காரில்தான் போகிறார்கள். காரில் இருந்தால் பயமில்லை என்று எண்ண வேண்டாம். சோலாங்கிலிருந்து அடல் சுரங்கப்பாதை வரை சாலைக்கு மேலேயே பனிச்சரிவுப் பாதைகள் உண்டு. சிக்கிமில் 2023 ஏப்ரல் 4 அன்று காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தது மலையேற்றத்தில் அல்ல. சாலையோரம் பனியில் இறங்கி விளையாடிய இடத்தில். போலீஸ் சாலையை மூடினால் ஓட்டுநரிடம் வேறு வழி கேட்டுக் காசை நீட்டாதீர்கள்.

சரிவைக் கடந்தே தீர வேண்டும் என்றால்?

முதலில், தீர வேண்டுமா என்று இன்னொரு முறை யோசியுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று, போகிறவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். முதுகுப்பையின் இடுப்புவாரைக் கழற்றிவிடுங்கள். ஊன்றுகோலின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். நடுவில் நிற்காதீர்கள். இவ்வளவுதான். பட்டாளத்தில் எங்களுக்கு வருடா வருடம் சொல்லித்தந்ததும் இதைத்தான்.

என்னென்ன கருவிகள் வேண்டும்? செல்போன் போதாதா?

போதாது. பனிக்குள் புதைந்த ஆளைச் செல்போன் காட்டிக்கொடுக்காது. பனிச்சரிவு ஆபத்துள்ள இடத்துக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் வேண்டும்: புதைந்தவர் இருக்கும் இடத்தை அலையாக அனுப்பும், உடம்போடு கட்டிய சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் மடக்கு ஆய்வுக்கோல், உலோக மண்வாரி. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. கருவி இருக்கும் திசையைச் சொல்லும், கோல் ஆழத்தைச் சொல்லும், வாரி தோண்டும். இறுகிய பனியைக் கையால் தோண்ட முடியாது. பிளாஸ்டிக் வாரி உடைந்துவிடும்.

எல்லா நிறுவனங்களின் சமிக்ஞைக் கருவியும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசும். அதனால் ஒன்று இன்னொன்றைக் கண்டுபிடிக்கும். செல்போனை அதற்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அனுப்பும்போது 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் தள்ளி இருக்க வேண்டும்.

வாங்கிப் பையில் வைத்தால் மட்டும் போதாது. சங்குத்துறைக் கடற்கரைக்கு வாருங்கள். அலை எட்டாத காய்ந்த மணலில் ஒரு கருவியை டப்பாவில் போட்டு முழங்கையாழம் புதைத்துவிட்டு, இன்னொன்றால் தேடுங்கள். முதல் தடவை இருபது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்துக்குள் எடுக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். காற்றுப்பை வைத்த முதுகுப்பையும் உண்டு. முறத்தில் குலுக்கினால் பெரியது மேலே வருவதுபோல, பை உப்பினால் ஆள் மேற்பரப்புக்கு வருவார். விலை அதிகம். முதல் மூன்றும் இல்லாமல் அதை மட்டும் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

கத்துங்கள், மற்றவர்கள் உங்களைப் பார்க்க வேண்டும். ஊன்றுகோலை விடுங்கள். பாளம் உடைந்த நொடியிலேயே ஓரத்தை நோக்கி நகரப் பாருங்கள், மரமோ பாறையோ கிடைத்தால் பிடியுங்கள். இழுத்துப் போனால் மேலே மிதக்கப் போராடுங்கள். வேகம் குறைவதாகத் தோன்றியதும் கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். பனி நின்ற மறுநொடி சிமென்ட்போல இறுகிவிடும். அப்புறம் விரலைக்கூட அசைக்க முடியாது.

கூட வந்தவர் புதைந்துவிட்டால்?

ஆள் கூப்பிட ஓடாதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள்.

முழுதும் புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்க வாய்ப்பு. 35 நிமிடம் ஆனால் பத்தில் மூன்று பேர்தான். மீட்புப்படை எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்த நேரத்துக்குள் வராது. இன்னொரு சரிவு வருமா என்று மேலே ஒரு பார்வை. கடைசியாக அவரைக் கண்ட இடத்தை மனதில் பதியுங்கள். எல்லாரும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்த இடத்திலிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். கையுறை, பை எது தெரிந்தாலும் இழுத்துப் பாருங்கள். கோல் தட்டிய இடத்தில் கோலை எடுக்காமல், அதற்குச் சற்றுக் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள். முகம் தெரிந்ததும் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை முதலில் எடுங்கள். மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். உடல் சில்லிட்டிருக்கிறது என்பதால் இறந்துவிட்டார் என்று முடிவு செய்யாதீர்கள். அதைச் சூடேற்றிப் பார்த்தபின் மருத்துவர் சொல்லட்டும்.

சியாச்சினில் ஒருவர் ஆறு நாள் உயிரோடு இருந்தாரே?

இருந்தார். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் காவல்சாவடியின்மேல் பனி இடிந்து விழுந்தது. உயரம் ஏறத்தாழ 19,600 அடி. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது படைப்பிரிவோடு அங்கே இருந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் உயிர்நீத்தார். கூடாரத்துக்குள் காற்றுள்ள இடம் அவருக்குக் கிடைத்திருந்தது. திறந்தவெளியில் புதைந்தவருக்கு அது கிடைக்காது. அந்தச் சம்பவத்தைக் காட்டி "பொறுமையாத் தேடலாம்" என்று சொல்லாதீர்கள். அந்தப் பத்துப் பேரின் பெயரை நினைக்கும்போது என் கை இன்றும் தானாக நெற்றிக்குப் போகிறது.

"காசு கட்டியாச்சு. கைடு போக வேண்டாம்ங்கிறார். என்ன செய்ய?"

போகாதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நான்கு பையன்களைக் கூட்டிக்கொண்டு ஒரு ஜனவரியில் இமாச்சல் போயிருந்தேன். இரண்டு நாள் விடாமல் பனி. மூன்றாம் நாள் பளீரென்று வெயில். வாடகை வண்டிக்காரர் ஒரு நாலாவுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்றைக்கு இதற்கு மேல் வரமாட்டேன்" என்றார். பையன்களுக்குக் கோபம். கன்னியாகுமரியிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்திருக்கிறோம், திரும்பும் டிக்கெட் நாளை மறுநாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் பிறந்து வளர்ந்த பள்ளத்தாக்கு அது. திரும்பினோம். மறுநாள் காலை அந்த நாலாவின் வாயில் சாலையைக் காணவில்லை. வீட்டுயரத்துக்குப் பனியும் முறிந்த மரங்களும் கிடந்தன. பையன்களில் ஒருவன் வண்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

திறமை இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் சரியல்ல. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில் திரௌபதி கா டண்டா மலையில் நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு சிக்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 29 பேர். பயிற்சியாளராக இருந்த சவிதா கன்ஸ்வால், அதே ஆண்டு மே மாதம் 16 நாள் இடைவெளியில் எவரெஸ்டும் மகாலுவும் ஏறியவர். மலைக்கு ஆள் தெரியாது.

ஆகவே கிளம்பும் முன்பே குழுவில் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் "வேண்டாம்" என்றாலும் எல்லாரும் திரும்புவது, காரணம் கேட்டுக் கேலி செய்யாமல். திரும்பும் டிக்கெட்டுக்கு இரண்டு நாள் உபரியாக வைத்துப் பதிவு செய்யுங்கள். அவசரம்தான் பல தவறான முடிவுகளை எடுக்கவைக்கிறது.

நம் மலைகளில் இப்படி எதுவும் உண்டா?

பனி இல்லை. ஆனால் மண்சரிவின் கணக்கும் இதற்கு உறவுக்காரன்தான்: சாய்வு, பாரம், உள்ளே ஊறும் நீர், பிடிப்பில்லாத அடுக்கு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நடந்த மண்சரிவு நமக்கு ரொம்பத் தூரமில்லை. கனமழை நாட்களில் கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் ஓடையில் குளிக்கப் போகிறவர்களும் தலைக்கு மேலே பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

உடம்பைத் தயார்செய்ய என்ன செய்யலாம்?

மருந்துவாழ் மலையை வாரம் இருமுறை, முதுகில் எட்டுப் பத்துக் கிலோவுடன் ஏறி இறங்குங்கள், இரண்டு மாதம். உயரத்துக்கு மட்டும் இங்கே பயிற்சி கிடையாது. கடல்மட்டத்தில் வாழும் நாம் விமானத்தில் 3,500 மீட்டர் லே நகரில் இறங்கினால், முதல் இரண்டு நாள் நடமாட்டத்தைக் குறைத்து ஓய்வெடுக்க வேண்டும். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறாதீர்கள், குறையாவிட்டால் இறங்குங்கள்.

"பிள்ளை போயிட்டான். ரெண்டு நாளா போன் போகல. யாரைக் கேக்கணும்?"

முதலில் பதறாதீர்கள். சாங்க்ரி போன்ற ஊர்களைத் தாண்டினால் சிக்னல் அநேகமாகக் கிடைக்காது. பிள்ளை கிளம்பும் முன்பே ஒரு வெள்ளைத்தாளில் இவற்றை எழுதி வாங்குங்கள்: எந்த மலை, எந்த ஊரிலிருந்து ஏறுகிறார்கள், எந்த மாவட்டம், ஒவ்வொரு இரவும் எங்கே தங்கல், கூட்டிப்போகும் நிறுவனத்தின் எண், கைடின் எண், தங்கும் விடுதியின் எண், கூடப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் எண், எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டும். அந்த நேரம் தாண்டினால் முதலில் நிறுவனத்தையும் விடுதியையும் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் 1077-ஐ அழையுங்கள். நம் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எடுக்கும். அங்கிருந்து அந்த மாவட்டத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. தாளில் உள்ளதை அப்படியே வாசியுங்கள். அதனால் அந்தத் தாளை பீரோவுக்குள் மடித்து வைக்காமல், பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.